கொஞ்சம் மெதுவாக்கிக் கொடுங்கள்

1

இந்தக் கதையை ஒரு லேப்டாப் ரிப்பேர் கடையில் எடுத்தேன். திருடினேன் என்று நீங்கள் திருத்திப் படித்தாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை.

என் லேப்டாப்பில் ஒரு எழுத்து விழவில்லை. வாரப் பத்திரிகையில் தொடர்கதை எழுதுகிறவனுக்கு ஒரு எழுத்து போனால் ஒரு பாத்திரமே ஊமையாகிவிடும். கடைக்காரர் நெற்றியில் லைட் கட்டியிருந்தார். "உக்காருங்க சார், அரை மணி நேரம்" என்றார். ரிப்பேர் கடைகளில் அரை மணி நேரம் என்பது கால அளவு இல்லை, ஆறுதல் வார்த்தை. உட்கார்ந்தேன்.

அப்போது ஒரு பெண் வந்தாள். நாற்பதை ஒட்டிய வயது. ஒரு சின்ன லேப்டாப்பைக் கக்கத்தில் இடுக்கியிருந்தாள்.

"தம்பி, போன வாரம் இதை வேகமாக்கிக் குடுத்தீங்கல்ல?"

"ஆமாக்கா. ஓடலையா?"

"நல்லா ஓடுது."

"ஹேங் ஆகுதா?"

"ஆகவே மாட்டேங்குது."

"பின்ன என்னக்கா பிரச்சனை?"

"பழையபடி ஆக்கிக் குடுத்துடுங்க. முன்ன எப்படி மெதுவா இருந்துச்சோ, அப்படியே."

கடைக்காரர் நெற்றி லைட்டை அணைத்துவிட்டு அவளைப் பார்த்தார். "அக்கா, இந்தத் தொழிலுக்கு வந்ததுல இருந்து ஒருத்தரும் இப்படிக் கேட்டதில்ல."

"இப்ப நான் கேக்கறேன்ல?"

அவர் லேப்டாப்பைக் கவிழ்த்துப் போட்டு அடிமூடியைத் திறந்தார். விரல் நீளத்துக்கு ஒரு பலகையையும், தபால்தலை அளவில் இன்னொன்றையும் கழற்றினார். தபால்தலையின் இடத்தில் டப்பாவில் கிடந்த பழையதைத் திரும்ப மாட்டினார். கழற்றிய இரண்டையும் காகிதத்தில் சுற்றி அவளிடம் கொடுத்தார். அவள் வாங்கிப் பர்ஸில் போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

நான் பார்த்தது இவ்வளவுதான். "ஏம்மா?" என்று கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் உண்மை கிடைத்திருக்கும், கதை போயிருக்கும். ஆகவே இனி வருவதெல்லாம் என் கைச்சரக்கு.

2

முதல் தொடக்கம்: மழை கொட்டிக்கொண்டிருந்த அந்த மாலையில், ஜன்னலோரம் நின்றிருந்த அவளுடைய கண்களில் —

(மழை பெய்யவில்லை. என் கதைகளில் இதுவரை பெய்த மழைக்கு அணைகள் உடைந்திருக்க வேண்டும்.)

இரண்டாவது தொடக்கம்: நடுங்கும் விரல்களால் லேப்டாப்பைத் திறந்தாள். உள்ளே ஒரு கோப்பு. அந்தக் கோப்புக்குள் அவள் கணவன் இத்தனை நாள் மறைத்த —

(இல்லை. இதை வேறு வேறு தலைப்புகளில் ஏற்கெனவே எழுதி, காசும் வாங்கிவிட்டேன்.)

என் மனைவி வந்து தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள். என் கதைகளுக்கு முதல் வாசகி அவள்தான். கடைசி வாசகியும் அவளாகிவிடக் கூடாது என்பது என் கவலை.

"என்னங்க, கதாநாயகியை வளைச்சு வளைச்சு வர்ணிப்பீங்களே, காணோமே?"

"இந்தத் தடவை லேப்டாப்பை வர்ணிக்கலாம்னு இருக்கேன்."

"வெளங்கிடும்" என்று சொல்லிவிட்டுத் துணி மடிக்கப் போனாள்.

வர்ணிக்கிறேன். மூடினால் சாப்பாட்டுத் தட்டு அளவு. கடைக்காரர்கள் மொழியில் பட்ஜெட் மாடல். அதாவது, எதையெல்லாம் எதிர்பார்க்கக் கூடாது என்பதை முதல் நாளே சொல்லிவிடுகிற மாடல். உள்ளே விசிறி கிடையாது. அதனால் சத்தமில்லை, சூடு மட்டும் உண்டு. ராம் நான்கு ஜிபி, போர்டோடு சேர்த்து ஒட்டியது. சேமிப்பும் ஒட்டியதுதான். கேமரா இருக்கிறது என்று அட்டைப்பெட்டியில் போட்டிருந்தது. பொய் இல்லை, இருந்தது. ஒரே சமயத்தில் இரண்டு வேலை சொன்னால், இரண்டாவதை யோசித்துக்கொண்டே முதலாவதை மறந்துவிடும். எடை குறைவு. பாட்டரி மட்டும் முகம் சுளிக்காமல் உழைக்கும்.

அதை வாங்கியது அவளுடைய கணவன். ஊரைவிட்டுக் கிளம்புவதற்கு முந்தின வாரம் வாங்கிவந்து மேஜைமேல் வைத்து, "இதுல என்னைப் பாத்துக்கோ" என்றான்.

3

கணவன் லிஃப்ட் மெக்கானிக். கடல் தாண்டி ஒரு பெரிய நகரத்தில், அடுக்குமாடிகளில் பாதி வழியில் நின்றுபோன லிஃப்டுகளைத் திறந்து ஆட்களை வெளியே எடுக்கிற வேலை. வருஷத்துக்கு ஒரு முறை வருவதாகப் பேச்சு. ஒப்பந்தத்தைக் கம்பெனி நீட்டியது, பேச்சு தள்ளிப்போனது. மறுபடி நீட்டியது, மறுபடி தள்ளிப்போனது. நடுவில் விட்டுவிட்டு வந்தால் திரும்பச் சேர்க்க மாட்டார்கள். மகள் வேறு ஊரில் ஹாஸ்டலில் தங்கி நர்சிங் படிக்கிறாள். அந்தப் படிப்பு இவன் வேலையைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறது.

தினமும் சாயங்காலம் பேசுவார்கள். அவன் போனைத் தண்ணீர் பாட்டில்மேல் சாய்த்து வைப்பான். அவள் லேப்டாப்பைச் சாப்பாட்டு மேஜையில் வைப்பாள்.

"கேக்குதா?"

"கேக்குது. மூஞ்சிதான் தெரியல. கொஞ்சம் வெளிச்சத்துக்கு வாங்க."

"வந்தா மட்டும் என்ன, மாப்பிள்ளை மாதிரியா இருக்கப் போறேன்?"

"அன்னிக்கு மட்டும் இருந்தீங்களாக்கும்."

அவன் சிரிப்பான். முதலில் சத்தம் வரும். வாய் பிற்பாடு சிரிக்கும்.

"பொண்ணு பேசினாளா?"

"பேசினா. அப்பாவுக்கு இருமல் போச்சான்னு கேட்டா."

"போச்சுன்னு சொல்லு."

"போச்சா?"

"போயிடும்."

கொஞ்ச நேரம் குழாயில் தண்ணீர் வரவில்லை, பக்கத்து வீட்டுக்காரர் காரை வாசலை மறித்து நிறுத்துகிறார் என்று ஓடும். அப்புறம் அவள் கேட்பாள்.

"எப்ப வர்றீங்க?"

திரையில் அவன் முகம் நின்றுவிடும். வாய் கொஞ்சம் திறந்தபடி, ஒரு புருவம் ஏறியபடி.

"ஹலோ? ஹலோ? மறுபடி ஸ்டக் ஆயிடுச்சா! எழவெடுத்த லேப்டாப்பு!" லேப்டாப்பின் முதுகில் இரண்டு தட்டு தட்டுவாள். நிற்கும். நிற்கும். பிறகு உயிர் வரும்.

"...லோ? ஆங், வந்துட்டேன். ஏதோ கேட்டியே?"

கேள்வியை மறுபடி தூக்க அவளுக்குக் கை வராது. "ஒண்ணுமில்ல, சாப்டீங்களான்னு கேட்டேன்" என்பாள்.

இப்படியே பல மாதங்கள். தனக்கு வரவேண்டிய பதிலை இந்த லேப்டாப்தான் தின்றுவிடுகிறது என்று அவள் முடிவுகட்டினாள். ஒரு நாள் அதைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனாள்.

4

"அக்கா, முதல்ல பொய்யைச் சொல்லவா, உண்மையைச் சொல்லவா?"

"பொய்யைச் சொல்லுங்க, கேப்போம்."

"ராமைக் கூட்டலாம், ப்ராசஸரை மாத்தலாம், ராக்கெட் மாதிரி பறக்கும்."

"உண்மை?"

"ராமைப் போர்டோட ஒட்டித் தொலைச்சுட்டான். தொட முடியாது. ப்ராசஸரைப் பத்தி நினைக்கவே கூடாது. ஸ்க்ரீன் மாத்தற செலவுக்கு வேற லேப்டாப்பே வாங்கிடலாம். கேமரா... அதை விடுங்க, பாவம்."

"அப்ப ஒண்ணுமே பண்ண முடியாதா தம்பி?"

"அவசரப்படாதீங்க. இங்க பாருங்க." அடிமூடியைத் திறந்து ஸ்க்ரூடிரைவர் முனையால் காட்டினார். "ஒரு ஸ்லாட்டைக் காலியா விட்டு வச்சிருக்கான். இங்க எஸ்எஸ்டின்னு ஒரு வேகமான சேமிப்பு போடலாம். ராம் பத்தாதப்ப இது சேமிப்புகிட்ட போய் இடம் கேக்குது. இப்ப இருக்கறது நத்தை. அது எழுந்து வர்றதுக்குள்ள படம் நின்னுடுது. புதுசு போட்டா அந்தத் தொல்லை இருக்காது. வைஃபை கார்டையும் மாத்திடலாம், சின்னதுதான். சாஃப்ட்வேர் லேசானதாப் போட்டுத் தர்றேன். பழசை அழிக்காம அப்படியே விட்டுடறேன், எதுக்கும் இருக்கட்டும்."

"படம் நிக்கவே நிக்காதா?"

"எதுக்குக்கா உபயோகம்? சினிமாவா, கேமா?"

"ஒரு ஆளைப் பாக்கணும்."

"அப்ப தாராளம். ஒரு ஆளுக்கு இது தாங்கும்."

(அடிக்குறிப்பு: காலியாக விடப்பட்ட ஸ்லாட்டை வைத்து இந்த இடத்தில் மனசு, வெற்றிடம் என்று ஒரு உவமை எழுதியிருந்தேன். என் மனைவி கோடு போட்டு அடித்துவிட்டாள். "ஸ்லாட்டு ஸ்லாட்டாவே இருக்கட்டும்" என்று பக்கத்தில் எழுதியிருந்தாள்.)

5

அன்று சாயங்காலம் லேப்டாப்பைத் திறந்ததும் அவன் முழுசாக வந்தான். கட்டம் கட்டமாக உடையாமல், சேற்றில் பார்த்த மாதிரி கலங்காமல், ஆளாக வந்தான்.

"என்ன, முழிச்சுப் பாக்கறே?"

"மீசையில வெள்ளை."

"அது வந்து எவ்வளவோ நாளாச்சு."

"எனக்கு இன்னிக்குத்தான் வருது."

அவன் சிரித்தான். சத்தமும் சிரிப்பும் ஒன்றாக வந்துசேர்ந்தன. அதை அவள் எதிர்பார்க்கவில்லை. சவரம் செய்யும்போது தாடையில் கீறிக்கொண்டிருக்கிறான், தெரிந்தது. காலர் நைந்திருக்கிறது, தெரிந்தது. கண்ணுக்குக் கீழே கறுத்திருக்கிறது, இளைத்திருக்கிறான், இருமலை அடக்குகிறான், எல்லாம் தெரிந்தது. அவன் குனிந்து எதையோ எடுக்கும்போது விரலால் அவன் கன்னம் இருந்த இடத்தைத் தொட்டாள். வெதுவெதுப்பாக இருந்தது. விசிறியில்லாத லேப்டாப்பின் சூடு அது என்று அவளுக்குத் தெரியும். விரலை எடுக்கத்தான் மனசில்லை.

"எப்ப வர்றீங்க?"

முகம் நின்றது. வாய் கொஞ்சம் திறந்தபடி, ஒரு புருவம் ஏறியபடி.

"ஹலோ" என்று அவள் நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

அவன் முதுகுக்குப் பின்னால் கொடியில் தொங்கிய சட்டைகள் ஆடிக்கொண்டிருந்தன.

தலையில் துண்டோடு அறைக்கூட்டாளி ஒருவன் உள்ளே வந்தான். ஒரு சட்டையை எடுத்து மோந்து பார்த்து முகத்தைச் சுளித்தான். அதை விட்டுவிட்டு இன்னொன்றை எடுத்தான். அது இவனுடைய சட்டை. மாட்டிக்கொண்டு, பட்டன் போட்டுக்கொண்டே வெளியே போனான். இவ்வளவும் நடந்தது. அத்தனை நேரமும் அவள் கணவன் கண்ணைக்கூடச் சிமிட்டாமல் உறைந்திருந்தான்.

அவள் என்ன வேலை பார்க்கிறாள் என்று உங்களுக்கு நான் சொல்லவில்லை. எனக்கே தெரியாமல்தான் இருந்தது. டீச்சர் என்று எழுதி அடித்தேன், வங்கி குமாஸ்தா என்று எழுதி அடித்தேன். இந்த இடத்துக்கு வந்ததும் தெரிந்துவிட்டது. அவள் ரத்தப் பரிசோதனை லேபில் ரத்தம் எடுக்கிறவள். காலையிலிருந்து கைகள் வரிசையாக அவள் முன்னால் நீளும். "இங்க பாக்காதீங்க, அந்தப் பக்கம் திரும்பிக்கங்க, இதோ ஆயிடுச்சு" என்று பேசிக்கொண்டே குத்துவாள். ஊசி உள்ளே இருக்கிற அந்தக் கொஞ்ச நேரம் மனிதர்கள் முகம் எப்படி நிற்கும் என்பது அவளுக்கு மனப்பாடம். மூச்சைப் பிடித்துக்கொண்டு, கண்ணை ஓரிடத்தில் நிலைகுத்தவைத்து, எப்போது உருவுவார்கள் என்று காத்திருக்கும்.

அந்த முகம்தான் இப்போது திரையில் இருந்தது. ஊசி யார் கையில் இருக்கிறது என்பதும் அவளுக்குப் புரிந்தது.

"ச்சே, மறுபடி ஸ்டக் ஆயிடுச்சு" என்றாள்.

அவன் மூச்சுவிட்டான். தோள் இறங்கியதுகூடத் தெரிந்தது. "...லோ? ஆங், வந்துட்டேன். லேப்டாப்பைச் சரிபண்ணப் போறேன்னியே?"

"பண்ணேன். சரியாப் பண்ணல போலருக்கு."

6

என் மனைவிக்கு இந்த இடம் பிடிக்கவில்லை.

"இத்தனை மாசம் கண்டுபிடிக்காம இருந்தாளா? அவ்வளவு மக்கா அவ?"

"லேப்டாப் நிஜமாவே நிக்கும்டி. குழாய்த் தண்ணி பேசும்போதும் நிக்கும், தும்மும்போதும் நிக்கும். முதல் தடவை அவ அந்தக் கேள்வியைக் கேட்டப்ப நிஜமாவேதான் நின்னிருக்கும். திரும்பி வந்தப்ப கேள்வி தாண்டிப் போயிருந்துச்சு. அதுலதான் அவன் கத்துக்கிட்டான்."

அவள் யோசித்தாள். "சரி. பொய் சொல்லாம தப்பிச்சுக்கறான்."

"ஆமா. அடுத்த மாசம் வர்றேன்னு சொன்னா பொய். வர முடியாதுன்னு சொன்னா இவ அழுவா. சும்மா நின்னுட்டா ரெண்டும் இல்ல."

"அதுசரி. தெரிஞ்சுபோச்சுல்ல? தெரியாத மாதிரி இருந்துட்டுப் போறா. எதுக்கு மறுபடி கடைக்குப் போய் அதைக் கழட்டணும்?"

நல்ல கேள்வி. ரிப்பேர் கடையில் நான் திருடியதே அந்த ஒரு விஷயம்தான். அதற்குக் காரணம் சொல்ல முடியாவிட்டால் கதையைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டியதுதான். இரண்டு நாள் யோசித்து இதை எழுதினேன்:

நல்ல படத்தில் அவன் நிற்கிற ஒவ்வொரு முறையும் அது நடிப்பு என்று அவளுக்குத் தெரியும். கெட்ட படத்தில் அப்படி இல்லை. நின்றது லேப்டாப்பாக இருக்கலாம். அந்தப் பக்கம் அவன் "இதோ வர்றேன், டிக்கெட் போட்டாச்சு" என்று சொல்லிக்கொண்டே இருக்கலாம், இங்கே வந்துசேராமல் இருக்கலாம். அந்த 'இருக்கலாம்' அவளுக்கு வேண்டியிருந்தது.

மனைவி படித்தாள். கோடு போடவில்லை.

7

முடிவுதான் அகப்படவில்லை.

பத்திரிகையின் துணை ஆசிரியர் போனில் சொன்னார்: "சார், அவன் வாசல்ல வந்து நிக்கட்டும் சார். லேடீஸ் அழுதுடுவாங்க."

எழுதிப் பார்த்தேன். கதவு தட்டும் சத்தம் கேட்டது. திறந்தாள். கையில் பெட்டியோடு, வெள்ளை மீசையோடு —

(யார் விட்டார்கள் அவனை? ஒப்பந்தம் என்ன ஆனது? அடுத்த மாதம் மகள் ஹாஸ்டலில் இருப்பாளா, பெட்டியோடு அவளும் வாசலில் நிற்பாளா? கதவைத் திறந்துவிடுவது சுலபம்.)

"அப்ப அங்க இன்னொரு பொம்பள இருக்கான்னு வச்சுடுங்க சார். பத்து வாரம் இழுக்கலாம்."

"அந்த ரூம்ல ஆளுக்கு ஒரு தலகாணி வைக்கவே இடமில்லய்யா" என்று போனை வைத்தேன்.

இன்னொரு முடிவு. அவள் நேராகச் சொல்கிறாள்: "நடிக்காதீங்க. பின்னாடி சட்டை ஆடுது." அவன் —

(அவன் என்ன செய்வான்? அவனுக்கு இருந்தது அந்த ஒரே மறைவிடம். அதையும் பிடுங்கிக்கொண்டால் அடுத்த சாயங்காலம் போனைப் பாட்டில்மேல் சாய்த்து வைப்பானா என்பதே சந்தேகம்.)

"பேசாம போய் அந்தக் கடைக்காரரைக் கேட்டுட்டு வாங்களேன்" என்றாள் மனைவி. போனேன்.

"அன்னிக்கு ஒரு அக்கா லேப்டாப்பை மெதுவாக்கச் சொன்னாங்களே, ஞாபகம் இருக்கா?"

"இல்லாமயா சார்! இன்னொரு நாள் சார்ஜர் வாங்க வந்தாங்க. ஏன்க்கா அப்படின்னு கேட்டேன். சொன்னாங்க. சப்பை மேட்டரு சார், அவங்க வீட்ல —"

"சொல்லாதீங்க!" என்றேன். கடையில் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"சின்ன விஷயம்தான் சார், நீங்க சிரிச்சுடுவீங்க."

"வேண்டாம் தம்பி. அவங்களை நினைச்சு சிரிக்கிற நிலைமையில நான் இல்ல இப்ப."

ஒரு மவுஸ் வாங்கிக்கொண்டு திரும்பினேன். மவுஸ் எனக்குத் தேவையே இல்லை. வெறுங்கையோடு வர வெட்கமாக இருந்தது.

"கேட்டீங்களா?" என்றாள் மனைவி.

"இல்ல."

"தெரியும்." மடித்த துணிகளை அலமாரியில் அடுக்கிக்கொண்டே சொன்னாள்: "எப்பப் பாரு அவளேதான் கேக்கணுமா? ஒரு தடவை அவன் கேக்கட்டுமே."

8

எழுதுகிறேன்.

லேப்டாப் பழையபடி ஆகிவிட்டது. அவன் மறுபடி கட்டம் கட்டமாக வந்தான். மீசை முழுக்கக் கறுப்பாகத் தெரிந்தது.

"கேக்குதா?"

"கேக்குது."

"பொண்ணு?"

"பரீட்சைக்குப் படிக்கறா. மனுசங்க எலும்புக்கெல்லாம் பேரு சொல்றா, எனக்குத்தான் நம்பவே முடியல."

"ம்." இருமினான். இருமல் இரண்டாக உடைந்து வந்தது.

"மருந்து சாப்பிடறீங்களா?"

"சாப்பிடறேன். இன்னிக்கு ஒரு லிஃப்ட் நின்னுபோச்சு. உள்ள ஒரு கிழவர். கதவை நெம்பித் திறந்து கையைப் புடிச்சு வெளிய இழுத்தேன். வெளிய வந்தப்புறமும் என் கையை விடல மனுசன். கீழ கேட்டு வரைக்கும் புடிச்சுக்கிட்டே வந்தார்."

"பாவம், பயந்திருப்பார்."

"பயமில்ல. பேச ஆளில்ல போல." போனைப் பாட்டில்மேல் நிமிர்த்தி வைத்தான். "ஏய்."

"ம்."

"ஒண்ணு கேக்கட்டா?"

"கேளுங்க."

"எல்லாத்தையும் விட்டுட்டு வந்துடட்டுமா?"

அவள் லேப்டாப்பை இன்னும் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள்.

"லீவு கீவு எல்லாம் இல்ல. மொத்தமா. திரும்பச் சேத்துக்க மாட்டானுங்க, தெரியும். பொண்ணு படிப்பு... அதுவும் தெரியும். அங்க வந்து எனக்கு என்ன வேலை கிடைக்கும்னு தெரியல. ஆனா நீ வான்னு சொல்லு. ஒரு வார்த்தை. நாளைக்கே கிளம்பிடறேன்."

அவனுடைய போன் திரையில் அவள் முகம் நின்றது. உதடு கொஞ்சம் பிரிந்தபடி, கண் நேராக அவனைப் பார்த்தபடி.

அந்த லேப்டாப் எப்படிப்பட்டது என்று உங்களுக்குத் தெரியும். யாராவது தும்மினாலே நின்றுவிடும். அவள் ஏற்கெனவே "வாங்க" என்று சொல்லி முடித்திருக்கலாம். அந்த வார்த்தை, ராமில் இடமில்லாமல், நத்தை எழுந்து வரட்டும் என்று வழியில் உட்கார்ந்திருக்கலாம். அல்லது மகளை நினைத்து, அவன் இருமலை நினைத்து, எந்தப் பக்கமும் போக முடியாமல் அவளே மூச்சைப் பிடித்துக்கொண்டு அப்படி நிற்கலாம்.

அவன் அவளுக்குப் பின்னால் பார்க்கிறான். ஏதாவது அசைகிறதா என்று தேடுகிறான்.

அங்கே நான் வெறும் சுவரைத்தான் எழுதியிருக்கிறேன். ஒரு திரைச்சீலையைத் தொங்கவிட எனக்கு அரை வரி போதும். விட்டால் அது ஆடுகிறதா இல்லையா என்று அவனுக்குத் தெரிந்துவிடும், எனக்கும் தெரிந்துவிடும். துணை ஆசிரியர் தொங்கவிடச் சொல்கிறார். மனைவி இந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு இன்னும் இங்கேயேதான் நிற்கிறாள்.

நான் தொங்கவிடவில்லை. சுவரை உங்களிடம் கொடுத்துவிட்டேன். எதை வேண்டுமானாலும் மாட்டுங்கள், மாட்டாமலும் இருங்கள். ஆனால் கொஞ்சம் சீக்கிரம். அவன் "ஹலோ" என்று கூப்பிடவில்லை, "ஸ்டக் ஆயிடுச்சு" என்றும் சொல்லவில்லை. போனைப் பாட்டிலிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்து, காத்துக்கொண்டிருக்கிறான்.